ஆட்டு ரத்தத்தில் ஒளி பாய்ச்சினால் எதிர்ப்பு சக்தி தெரிந்துவிடுமா? கரிசல் காட்டுக்கு இந்தப் பெட்டி எவ்வளவு தூரம் உதவும்?

எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் சனிக்கிழமை விடியும் முன்பே கூட்டம் கூடிவிடும். ஆடு வாங்க வருகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். முதுகுத்தண்டில் விரலை வைத்து அழுத்தி, சதைப்பிடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். மூக்கில் சளி ஒழுகுகிறதா, வாலைச் சுற்றிக் கழிச்சல் தடம் இருக்கிறதா, நடையில் தாங்கல் தெரிகிறதா... ஒரு நிமிடம்கூட ஆகாது. பழகிய கண்ணுக்கு அது போதும்.

ஆனால் அந்தக் கண்ணுக்கும் பிடிபடாத விஷயங்கள் இரண்டு இருக்கின்றன. இந்த ஆட்டுக்குப் போட்ட தடுப்பூசி பிடித்திருக்கிறதா? இந்தக் குட்டி பிறந்தவுடன் போதுமான சீம்பால் குடித்ததா? இரண்டுக்கும் பதில் ரத்தத்தில்தான் இருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் ரத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போக வேண்டும், முடிவு வரக் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆடு கைமாறியிருக்கும். குட்டியாக இருந்தால் செத்தே போயிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சூட்கேஸ் அளவுக் கருவி வந்து, ஒரு சொட்டு ரத்தநீரில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, சில நிமிடங்களில் ஆன்டிபாடி அளவைச் சொல்லிவிட்டால்? கேட்க நன்றாக இருக்கிறது. இது கற்பனையும் இல்லை. கனடாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் விளம்பரத்தில் பொடி எழுத்தில் போடுவார்களே, அது மாதிரி ஒரு நிபந்தனை இதற்குள் இருக்கிறது. மேலே கேட்ட இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குத்தான் இந்தப் பெட்டியால் பதில் சொல்ல முடியும்.

கனடாவில் என்ன செய்தார்கள்?

கனடாவின் கிழக்குக் கரையில் பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்று ஒரு சின்ன மாகாணம். உருளைக்கிழங்குக்கும் பால் மாட்டுக்கும் பெயர்போன ஊர். அங்கே இருக்கும் பல்கலைக்கழகத்தின் அட்லாண்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில்தான் இந்த ஆராய்ச்சி பெரிதாக வளர்ந்தது. கிறிஸ்டோபர் ரைலி, ஜே.டி. மெக்லூர், ஆன்டனி ஷா ஆகியோர் அடங்கிய குழு 2007-ல் குதிரைகளின் ரத்தத்தில் ஆன்டிபாடி அளவை அகச்சிவப்பு நிறமாலை மூலம் கணக்கிட முடியும் என்று காட்டியது. பிறகு அல்பாகா, நாய், பால் மாடு என்று ஒவ்வொரு விலங்காக நகர்ந்தார்கள்.

எகிப்தைச் சேர்ந்த கால்நடை ஆராய்ச்சியாளர் இப்ராஹிம் எல்சொஹபி இந்தக் குழுவில் சேர்ந்து மாடுகளில் வேலை செய்தார். 2014-ல் வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே 'ரசாயனமே தேவைப்படாத முறை' என்ற பொருள் வருகிறது. 2015-ல் அதன் அடுத்த படி: ஆய்வக மேசையில் இருந்த வேலையை மாட்டுத் தொழுவத்துக்கே கொண்டுபோகக்கூடிய விரைவுச் சோதனையாக மாற்றியது.

அவர்கள் அளந்தது ஐஜிஜி என்ற ஆன்டிபாடியை. ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்களிலேயே அதிக அளவில் இருப்பது இதுதான். அதை அளக்க வழக்கமாகச் செய்வது ஆர்ஐடி என்ற சோதனை: ஜெல் தட்டில் சின்னக் குழி போட்டு ரத்தநீரை ஊற்றினால், அது பரவிப் பரவி ஒரு வளையம் விழும். வளையத்தின் விட்டத்தை அளந்து ஐஜிஜி எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். நம்பகமான முறைதான், ஆனால் வளையம் விழவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஒவ்வொரு தட்டுக்கும் காசு. புதிய முறையின் முடிவை இந்த வளையத்தோடுதான் ஒப்பிட்டார்கள். நன்றாகவே ஒத்துப்போனது.

ஒளி எப்படிப் புரதத்தை எண்ணுகிறது?

பள்ளி இயற்பியலை ரொம்பக் கிளற வேண்டாம். மூலக்கூறுகளில் உள்ள பிணைப்புகள் ஸ்பிரிங் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பிணைப்புக்கும் தனக்கென்று ஒரு ஆட்ட வேகம். அதே வேகத்தில் வரும் அகச்சிவப்பு ஒளியை அது விழுங்கிவிடும். எந்தெந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி காணாமல் போனது என்று கோடு போட்டால், மேடும் பள்ளமுமாக ஒரு படம் வரும். அதுதான் நிறமாலை.

புரதங்களுக்கு இந்தப் படத்தில் இரண்டு பெரிய மேடுகள் உண்டு: ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 1,650 அலைகள் என்ற இடத்தில் ஒன்று, 1,550-க்குப் பக்கத்தில் இன்னொன்று. ரத்தநீரில் அதிகம் இருக்கும் அல்புமின் என்ற புரதம் சுருள் சுருளாக மடிந்தது. ஐஜிஜி அப்படி இல்லை, தட்டை மடிப்புகளால் ஆனது. மடிப்பு மாறினால் மேட்டின் உச்சியும் கொஞ்சம் இடம் மாறும். அந்தச் சின்ன நகர்வை வைத்துத்தான் மொத்தப் புரதத்தில் ஐஜிஜியின் பங்கு எவ்வளவு என்று மென்பொருள் பிரித்துச் சொல்கிறது.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் நூற்றுக்கணக்கான மாதிரிகளின் நிறமாலையையும் அதே மாதிரிகளின் ஆர்ஐடி முடிவையும் கணினிக்குக் கொடுத்து, 'இப்படிப் படம் வந்தால் இவ்வளவு ஐஜிஜி' என்று பழக்க வேண்டும். உங்கள் போன் உங்கள் முகத்தைப் பழகிக்கொள்வது போலத்தான். பழக்காத முகத்துக்கு அது திறக்காது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வேம்பூர் ஆட்டுக்கு வரும்போது மறுபடியும் தேவைப்படும்.

இன்னொரு தொல்லை தண்ணீர். ரத்தநீரில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதுவும் கிட்டத்தட்ட அதே 1,640 பக்கத்தில்தான் ஒளியை விழுங்கும், புரதத்தின் மேட்டை அப்படியே மூடிவிடும். எனவே சில மைக்ரோலிட்டர் ரத்தநீரைக் கருவியின் வைரப் படிகத்தின் மேல் வைத்து, மெல்லிய படலமாகக் காயவிட்டுப் பிறகு அளப்பார்கள். சித்திரை வெயிலில் கோவில்பட்டியில் இந்தக் காயவைக்கும் வேலைக்குத் தனி ஃபேன் தேவைப்படாது!

அகச்சிவப்பு முறை ஒன்றும் நமக்குப் புதிதல்ல. பெரிய பால் பதப்படுத்தும் ஆலைகளில் கொழுப்பும் புரதமும் அளக்க இதே தத்துவம்தான் பல வருடங்களாகப் பயன்பாட்டில் இருக்கிறது. புதியது என்னவென்றால் கருவி சுருங்கியதும், பாலிலிருந்து ரத்தத்துக்கு வந்ததும்.

சீம்பால் கேள்வி: இங்கே பெட்டி பதில் சொல்லும்

மனிதக் குழந்தை பிறக்கும்போதே அம்மாவின் ஆன்டிபாடியோடு பிறக்கிறது. ஆடு, மாடு, எருமைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றின் நஞ்சுக்கொடி அமைப்பு ஆன்டிபாடியைக் கருவுக்குக் கடத்தாது. பிறந்த நிமிடத்தில் குட்டியின் ரத்தத்தில் ஐஜிஜி ஏறக்குறைய பூஜ்யம். கிடைக்கப்போவதெல்லாம் சீம்பாலில்தான்.

அதற்கும் நேரக் கணக்கு உண்டு. பிறந்த சில மணி நேரம் குட்டியின் குடல் சுவர், பெரிய பெரிய ஆன்டிபாடி மூலக்கூறுகளை முழுசாக உள்ளே விடும். நேரம் போகப்போக அந்த வழி அடைபடும். 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட மூடிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது வெறும் சத்துணவுதான், கவசம் ஆகாது. எனவேதான் குட்டியின் எடையில் கிலோவுக்குச் சுமார் 50 மி.லி. வீதமாவது முதல் சில மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு டீ டம்ளர் அளவு, அவ்வளவுதான்.

அந்த ஒரு டம்ளர் எங்கே தவறுகிறது? நஞ்சுக்கொடி விழும் வரை குட்டியை மடியில் விடக்கூடாது என்ற பழக்கம் பல கிராமங்களில் இன்னும் இருக்கிறது. கறவை மாட்டில் சீம்பால் அடுப்புக்குப் போய்விடுகிறது. வெல்லம் போட்டுக் கிண்டினால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆட்டில் பிரச்சினை வேறு மாதிரி. கன்னி ஆடு இரட்டைக் குட்டி போடுவது சகஜம். முதல் குட்டி மடியைக் காலி செய்துவிட்டால் இரண்டாவது குட்டிக்கு மிச்சம் குறைவு. கிடை போட்டு ஊர் ஊராக நகரும் மந்தைகளில், ராத்திரி பிறந்த குட்டி எப்போது எழுந்து எவ்வளவு குடித்தது என்று யார் பார்த்தது? விடிந்ததும் மந்தை கிளம்பிவிடும்.

கன்றுக்குட்டியில் ரத்த ஐஜிஜி லிட்டருக்கு 10 கிராமுக்குக் கீழே இருந்தால் கவசம் கிடைக்கவில்லை என்று நெடுநாளாகக் கணக்கு. 2020-ல் அமெரிக்க நிபுணர்கள் இதை நான்கு படிகளாக்கி, 25 கிராமுக்கு மேல் இருந்தால்தான் மிக நல்லது என்று அளவுகோலை உயர்த்தினார்கள். ஆட்டுக்குட்டிக்கு இப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒற்றை எண் இல்லை. வெவ்வேறு ஆய்வுகள் வெவ்வேறு கோடு போட்டிருக்கின்றன.

எப்படியானாலும், பூஜ்யத்தில் தொடங்கும் குட்டிக்கு மொத்த ஐஜிஜி எவ்வளவு என்பதே முழுப் பதில். அம்மாவிடமிருந்து வந்ததைத் தவிர வேறு எதுவும் அந்த ரத்தத்தில் இல்லை. அகச்சிவப்புப் பெட்டி அளப்பதும் மொத்த ஐஜிஜியைத்தான். கேள்வியும் கருவியும் கச்சிதமாகப் பொருந்தும் இடம் இது.

ஆனால் ஒரு சங்கடம். ரத்தத்தில் ஐஜிஜி ஏறியதா என்று பார்க்கவே குட்டிக்கு ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குள் குடல் மூடிவிட்டது. 'உன் குட்டிக்குக் கவசம் இல்லை' என்று கருவி சொல்லும்போது சீம்பால் கொடுத்துச் சரிசெய்ய நேரம் இருக்காது. அந்தக் குட்டியைத் தனியாக வைத்துக் கண்காணிக்கலாம். உண்மையான பயன் அடுத்த ஈற்றுக்குத்தான்: இருபது குட்டிகளைப் பார்த்ததில் எத்தனைக்குக் கோடு தாண்டவில்லை, எந்த மந்தையில் பழக்கம் தப்பு என்று தெரியும். இது தனி ஆட்டுக்கான வைத்தியம் இல்லை, மந்தைக்கான தணிக்கை.

தடுப்பூசிக் கேள்வி: இங்கே பெட்டி வாய் திறக்காது

பெரும்பாலானவர்கள் 'ஆன்டிபாடி டெஸ்ட்' என்றதும் நினைப்பது தடுப்பூசியைத்தான். கரிசல் பகுதியில் முதலில் வரும் பெயர் பிபிஆர் என்னும் ஆட்டுக்கொல்லி நோய். காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், நிமோனியா என்று சில நாட்களில் மந்தையையே காலி செய்துவிடக்கூடிய வைரஸ்.

இந்த நோய்க்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் பிபிஆர் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1987-ல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். மாட்டு வெக்கை நோயின் உறவுக்கார வைரஸ் என்பதால் அதற்கு முன் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த வைரஸை வைத்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர் 87' என்ற தடுப்பூசி விதையை உருவாக்கியது. கோயம்புத்தூர் பெயரிலும் ஒன்று உண்டு.

மாட்டு வெக்கை 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த இலக்கு பிபிஆர். உலக உணவு, வேளாண்மை அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் 2015-ல் வைத்த கெடு 2030. இந்தியாவும் அதே ஆண்டைத்தான் குறிவைத்திருக்கிறது. 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் செம்மறி சுமார் 45 லட்சம், வெள்ளாடு சுமார் 99 லட்சம். இத்தனைக்கும் ஊசி போட்டால் மட்டும் போதாது, பிடித்ததா என்று மாதிரி எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

ஏன் பிடிக்காமல் போகும்? உயிருள்ள வைரஸால் ஆன இந்தத் தடுப்பூசி குளிரிலேயே இருக்க வேண்டும். கரைத்த பிறகு சில மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம், நிழலே இல்லாத காட்டில், ஐஸ் பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும்போது மந்தைக்காரர் வேறு திசையில் போயிருந்தால் என்ன ஆகும் என்பதைக் கால்நடை ஆய்வாளர்களிடம் கேட்க வேண்டும். இளம் குட்டியாக இருந்தால் இன்னொரு காரணம்: சீம்பாலில் வந்த அம்மாவின் ஆன்டிபாடியே தடுப்பூசி வைரஸை அழித்துவிடும். மூன்று, நான்கு மாதம் ஆன பிறகு ஊசி போடச் சொல்வது அதனால்தான்.

சரி, ஊசி போட்ட ஆட்டின் ரத்தத்தை நம் பெட்டியில் வைத்தால்? ஐஜிஜி இவ்வளவு என்று ஒரு எண் வரும். ஆனால் அந்த எண்ணுக்கும் பிபிஆருக்கும் சம்பந்தம் இல்லை.

இப்படி யோசித்துப் பாருங்கள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒரு மாடியிலிருந்து பார்க்கிறீர்கள். காக்கிச் சட்டை எத்தனை என்று எண்ணிவிடலாம். அதில் யார் யாரைப் பிடிக்க வந்திருக்கிறார், யார் பையில் எந்த வாரண்ட் இருக்கிறது என்று மாடியிலிருந்து தெரியாது. அகச்சிவப்பு ஒளி காக்கியை எண்ணுகிறது. பிபிஆர் ஆன்டிபாடியோ, கோமாரி ஆன்டிபாடியோ, குடல் புழுவுக்கு எதிரான ஆன்டிபாடியோ, எல்லாவற்றுக்கும் உடம்பு ஒன்றே. நுனியில் மட்டும்தான் வித்தியாசம். அந்த நுனி மொத்த நிறமாலையில் தெரியவே தெரியாது.

வளர்ந்த ஆட்டில் நிலைமை இன்னும் மோசம். புழுத்தொல்லையோ நாள்பட்ட நோய்த்தொற்றோ இருந்தால் மொத்த ஐஜிஜி ஏறும். அப்படியென்றால் எண் அதிகம் காட்டும் ஆடு நல்ல பாதுகாப்போடு இருக்கும் ஆடு என்று சொல்ல முடியாது. நோஞ்சான் ஆடாகவும் இருக்கலாம்.

நீலநாக்கு நோய் இதற்கு இன்னும் தெளிவான உதாரணம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கொசுவைவிடச் சின்னதான ஒரு வகைப் பூச்சி பெருகி, செம்மறிகளுக்கு இதைப் பரப்புகிறது. இந்த வைரஸில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒரு வகைக்கு எதிரான ஆன்டிபாடி இன்னொரு வகையை முழுசாகத் தடுக்காது. அதனால்தான் இந்தியாவில் ஐந்து வகைகளை ஒன்றாகச் சேர்த்துத் தடுப்பூசி தயாரிக்க வேண்டியிருந்தது. ஆன்டிபாடி 'இருக்கிறதா' என்பதைவிட 'எதற்கு எதிரானது' என்பதே இங்கு முக்கியம்.

அந்தக் கேள்விக்கு எலைசா சோதனைதான் வழி. பிபிஆருக்கான எலைசாவை இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமே வடிவமைத்திருக்கிறது. 96 குழி கொண்ட தட்டில் வைரஸின் பகுதியை ஒட்டவைத்து, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி ரத்தநீரில் இருக்கிறதா என்று பார்க்கும் முறை. வாரண்ட்டைப் படித்துப் பார்ப்பது இதுதான். சில மணி நேர வேலை, ரசாயனம், குளிர்பதனம், பயிற்சி பெற்ற கை எல்லாம் வேண்டும். ஒரே ஒரு ஆட்டுக்காகத் தட்டைத் திறக்க மாட்டார்கள், மாதிரிகள் சேர வேண்டும்.

நிறமாலையை மொத்தமாக நோயின் கைரேகை மாதிரி எடுத்துக்கொண்டு, கணினிக்குப் பழக்கி, நேரடியாக நோயையே கண்டுபிடிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. 2021-ல் ஐஐடி பம்பாயும் ஆஸ்திரேலியாவின் கியூஐஎம்ஆர் பெர்கோஃபர் நிறுவனமும் மும்பை கொரோனா நோயாளிகளின் பிளாஸ்மாவை இப்படி ஆராய்ந்து, யாருக்கு நோய் தீவிரமாகும் என்று கணிக்கப் பார்த்தன. சுவாரஸ்யமான திசைதான். ஆனால் கணினி பிடித்தது நோயையா, பட்டினியையா, வயதையா என்று பிரித்தறிவது லேசான காரியம் இல்லை. ஆட்டுக்கொல்லி ஒழிப்புக் கணக்கை அதன் மேல் வைக்கும் நாள் இன்னும் வரவில்லை.

வேம்பூர் ஆட்டுக்குக் கனடா கணக்கு செல்லுமா?

போனில் முகம் பழகும் கதைக்குத் திரும்புவோம். கனடாவில் கணினிக்குப் பழக்கியது பெரும்பாலும் பால் மாடு, குதிரை, அல்பாகா ரத்தத்தை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் இருப்பது வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் பொட்டு வைத்த வேம்பூர் செம்மறி, கருப்பு உடம்பில் வெள்ளைக் கோடு ஓடும் கன்னி வெள்ளாடு. இந்த இரண்டும் அங்கீகரிக்கப்பட்ட நம் உள்ளூர் இனங்கள்.

மாட்டு ஐஜிஜிக்கும் ஆட்டு ஐஜிஜிக்கும் உறவு நெருக்கம்தான். ஆனால் நிறமாலையில் ஐஜிஜி மட்டும் இல்லை. அல்புமின், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சேர்ந்த படம் அது. தீவனத்தோட்டத்தில் வளர்ந்த கன்றின் ரத்தமும், மானாவாரிக் காட்டில் உளுந்து அறுத்த பிறகு கிடக்கும் சருகை மேய்ந்து பங்குனியில் எலும்பு தெரியும் ஆட்டின் குட்டி ரத்தமும் ஒரே படத்தைக் காட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கணக்கு தப்பினால் கருவி 'எரர்' என்று காட்டாது. தப்பான எண்ணை அழகாக, தசம ஸ்தானத்தோடு காட்டும். அதுதான் ஆபத்து.

எனவே கருவி வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இங்குள்ள குட்டிகளிடமிருந்து நூற்றுக்கணக்கில் ரத்தம் எடுத்து, சீம்பால் குடிக்காத குட்டி முதல் வயிறு முட்டக் குடித்த குட்டி வரை எல்லா நிலையும் வருகிற மாதிரிப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஆர்ஐடியிலும் அளந்து, பிறகே கணினிக்குப் பழக்க வேண்டும். கோவில்பட்டியிலிருந்து சுமார் 55 கி.மீ. தூரத்தில், திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இடம், ஆள், ஆடு மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன.

களத்தில் வேறு தொல்லைகளும் உண்டு. கருவி அளப்பது ரத்தத்தை அல்ல, ரத்தநீரை. ரத்தம் உறைந்து நீர் பிரிய வேண்டும். அவசரம் என்றால் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் வேண்டும். குழாயைக் குலுக்கிக்கொண்டே பைக்கில் கொண்டுபோனால் சிவப்பணு உடைந்து ரத்தநீர் செந்நிறமாகிவிடும். அந்த மாதிரி வீண். கரிசல் தூசி எங்கேயும் நுழையும், வைரப் படிகத்தின் மேலும் படியும். ஐப்பசி, கார்த்திகை ஈரப்பதத்தில் படலம் காய நேரமாகும், காற்றில் உள்ள நீராவியே ஒளியை விழுங்கிப் படத்தைக் கெடுக்கும்.

அப்படியென்றால் இதற்கு மாற்று?

பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு கைக்கருவி இருக்கிறது. கரும்புச் சாற்றில் இனிப்பு பார்க்கப் பயன்படுத்துவார்களே, அதேதான். சீம்பாலில் ஒரு சொட்டு விட்டால், ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து அடர்த்தியைச் சொல்லும். பசுவின் சீம்பாலில் 22 பிரிக்ஸ் காட்டினால் லிட்டருக்குச் சுமார் 50 கிராம் ஐஜிஜி இருக்கும், நல்ல சீம்பால் என்று கொள்வது வழக்கம். ரத்தநீரிலும் இதே கருவியால் மொத்தப் புரதத்தைப் பார்த்து, சீம்பால் சேர்ந்ததா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

அகச்சிவப்புப் பெட்டி அளவுக்குத் துல்லியம் கிடையாது. அது ஐஜிஜியை அளப்பதில்லை, புரதம் கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் சொல்கிறது. தண்ணீர் வற்றிய குட்டியில் ஏமாற்றும். ஆனால் விலையைப் பாருங்கள்: இது ஆயிரங்களில், அது பல லட்சங்களில். முக்கியமாக, குட்டி குடிப்பதற்கு முன்பே சீம்பாலைச் சோதித்துவிடலாம். தரம் மோசமா? வேறு ஆட்டின் சீம்பாலைக் கறந்து கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. நாற்பது ஆடு வைத்திருக்கிற ஒருவருக்கு எது உபயோகம் என்று கேட்டால், தயங்காமல் ரிஃப்ராக்டோமீட்டர் என்றே சொல்லலாம்.

பெட்டிக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ வாகனங்களில் ஒன்றில் வைக்கலாம். ஒரு நாளில் ஐந்தாறு கிராமம் போகிற வண்டி, ஒவ்வொரு இடத்திலும் சில குட்டிகளைப் பார்த்துக்கொண்டே போனால், எந்த ஊரில் சீம்பால் பழக்கம் கோளாறு என்று ஒரு ஈற்றுக் காலத்திலேயே வரைபடம் போட்டுவிடலாம். ஒரு மாதிரிக்கு ரசாயனச் செலவே இல்லை என்பது இந்த மாதிரி நூறு, ஆயிரம் என்று போகும்போதுதான் லாபம். ஒன்றிரண்டு மாதிரிக்கு அல்ல. ஊசி பிடித்ததா என்று பார்க்கும் குழாய்கள் மட்டும் அப்போதும் ஐஸ் பெட்டியில் எலைசாவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

அந்த வண்டி கிளம்புவதற்கு முன், யாராவது ஒருவர் கிடைக்குப் பக்கத்தில் சில ராத்திரிகள் தங்க வேண்டும். எந்தக் குட்டி எத்தனை மணிக்குப் பிறந்தது, எப்போது மடியைப் பிடித்தது என்று டார்ச் வெளிச்சத்தில் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே குட்டியைத் தேடிப் பிடித்து ஒரு மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். இப்படிச் சில நூறு குட்டிகள். இந்த வேலைக்கான செலவு கருவி விற்கும் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் இருக்காது.